ஆலோசகர் குழுவில் ஆத்தாளுக்கு ஒரு நாற்காலி

யாராச்சும் அந்த ஏசியைக் கொறைச்சாத் தேவலை. வாய்விட்டுக் கேக்கலாம், கேட்டா ‘மரகதமணியக்காளுக்கு வயசாயிருச்சு’ன்னு ஆடிட்டர் சிரிப்பாரு. சிரிச்சுட்டுப் போகட்டும், குளுர்ல வலிக்கறது என்ற முட்டி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்க அஞ்சு பேரு குளுர்ல சுருண்டுட்டு உக்காந்திருக்கறோம், அந்தப் பக்கம் மிஷினுக வேகுது. அஞ்சு பேரா? சேனாபதியண்ணன், அவரு பையன் தருண், ஆடிட்டர் நாச்சிமுத்து, நானு. நாலுதான ஆகுது. அஞ்சாவதா எதை எண்ணுனேன்? அந்த நாக்காலியை எண்ணியிருக்கறேன். ஆளில்லாத நாக்காலி, செவப்புப் பட்டுத் துணி, மேல ஒரு எலுமிச்சம்பழம், சாய்மானத்துல வேப்பங்கொழை. பக்கத்துல பூசாரி கையைக் கட்டிட்டு நிக்கறாரு, உசுரோட இருக்கற அவரை உட்டுட்டு நாக்காலியை எண்ணியிருக்கறேன், நல்ல மூளை போ. அது ஆத்தாளோட நாக்காலி. இந்தக் கம்பெனிக்கு ஊருல காசு கேட்டுக் கூட்டம் போட்டப்போ வந்த வினை. மிஷினு ராப்பகலாக் கணக்குப் போடும், போட்ட கணக்குக்குக் காசு விழும், காசைக் கையில புடிக்க முடியாது, கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும், கிரிப்டோன்னு பேருன்னு தருண் சொல்லச் சொல்ல, சனம் ஆன்னு பாத்துட்டு இருந்துச்சு. என்ற மகளிர் குழுப் பொம்பளைகள்ல ஒருத்திதான் எந்திரிச்சுக் கேட்டா: “ஏனுங்க, கண்ணுக்கே தெரியாத காசுக்கு யாருங்க பொறுப்பு?” சேனாபதியண்ணன் லேசுப்பட்டவரா. நம்ம பக்கம் ஒரு மளிகைக்கடை வெச்சாலும் ஆத்தாளுக்கு ஒரு பங்கு வெக்கறதில்லையா, அதைப் புடிச்சுட்டாரு. “கம்பெனிக்குப் புத்தி சொல்ல ஆலோசகர் குழு ஒண்ணு போடறோம். அஞ்சு நாக்காலி. நாலுல மனுசரு. அஞ்சாவதுல நம்ம மாகாளியாத்தா” அப்படின்னாரு. அவ்வளவுதான், சனம் கன்னத்துல போட்டுட்டுக் கையெழுத்தும் போட்டுருச்சு. தருண் அதை வெப்சைட்டுல ஏத்தி, கூடவே பெருமைக்கு ஒரு வரியும் எழுதி உட்டான், அஞ்சு பேர்ல ஒருத்தரு வேண்டாம்னாலும் எந்த வேலையா இருந்தாலும் நிக்கும்னு. இன்னைக்கு அந்த நாலு மனுசரைப் பொறுக்கறதுக்குத்தான் கூடியிருக்கறோம். பொறுக்குன பேரை ஒவ்வொண்ணா ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேக்கோணும், அப்பறம் டீ வரும்.

சத்தம். கண்ணாடியைச் சாத்துனாலும் உள்ள வருது. ஊஊன்னு ஒரே இழுப்பு, மூச்சே உடாம. காலையில வந்ததும் காதைப் பொத்தோணும்னு இருக்கும், மத்தியானத்துக்குள்ள பழகிரும், பழகுனதுக்கப்பறம்தான் வினையே, அந்த ஒரே சத்தத்துக்குள்ள வேற வேற சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும். பேசறாப்புல இருக்கும். தருண்கிட்டச் சொன்னா, மூளை சும்மா கெடக்காம உண்டாக்கிக்கும் அத்தைன்னான். இருக்கும். ஆனா என்ற மூளை ஏன் எப்பவும் ஒரே ஒரு வார்த்தையை உண்டாக்குது? அக்கா. அக்கா. இதே கொட்டாயிதான். அப்ப இது நூல் மில்லு. என்ற தங்கச்சி பூங்கோதை இங்கதான் வேலை பாத்தா. கல்யாணமாகி, புருசன் ஓடிப்போயி, கைக்கொழந்தையை எங்கிட்ட உட்டுட்டு ஷிப்டுக்கு வருவா. பஞ்சு வெளிய போயிருதுன்னு பின்கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க. தீப்புடிச்ச அன்னைக்கு சாவி சூப்பர்வைசரு சட்டைச் சோப்புல, சூப்பர்வைசரு டீக்கடையில. அதுக்கு மேல நெனைக்க வேண்டாம். நெனைக்க வேண்டாம்னா நிக்குதா. பொம்பளைக எல்லாம் அந்தக் கதவுகிட்டத்தான் கெடந்தாங்க. மில்லை மூடுனாங்க, கொட்டாயிக்குப் பச்சைப் பெயின்டு அடிச்சாங்க, கதவுக்கும் அடிச்சாங்க, சனம் மறந்துச்சு. கரண்டு கனெக்சன் பெருசா இருக்குது, வாடகை சல்லிசுன்னு கம்பெனி இங்க வந்துச்சு. வந்த மொத வாரமே, நான் வளத்துன அந்தக் கொழந்தை, சௌமியா, கேட்டா, “பெரிம்மா, நான் அங்க வேலைக்குப் போறேன், அம்மா வேலை பாத்த எடம்தான?” என்னத்தைச் சொல்ல. போகாதேன்னு சொல்ல நாக்கு வந்துச்சு, நானே காசு திரட்டிக் குடுத்த கம்பெனிக்கு எப்படி வாயைத் தொறந்து வேண்டாம்கறது. ஃபில்டர்ல தூசி தட்டற வேலை. இந்தா, கண்ணாடி வழியாத் தெரியறா. நீலக் கோட்டு, மூக்குக்கு மாஸ்க்கு, காதுல ரப்பர் அடைப்பு. அது போட்டுட்டா பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது. கையில பிரஷ்ஷு. அந்த நடை அப்படியே அவ அம்மா நடை, லேசா வலது பக்கம் சாஞ்சு. பாக்காதன்னாலும் கண்ணு போயிருது.

“மின்வாரியத்துல இருந்து ரிட்டையரான எஞ்சினியரு ஒருத்தரு, நம்ம ஆளுதான்,” ஆடிட்டர் ஆரம்பிச்சாச்சு. “அவரு பேரைப் பாத்தா ஆபீசுல எந்த ஃபைலும் நிக்காது.” நல்ல மனுசரு, பாத்திருக்கறேன், எதைக் காட்டுனாலும் பேஷ்ஷும்பாரு. ரண்டாவது கோயமுத்தூருக் காலேஜு புரபசரு, கோட்டு போட்டு போட்டோ புடிச்சு அனுப்பீட்டாரு, மனுசன் கொட்டாயிக்குள்ள காலு வெச்சதில்லை. மூணாவது கண் டாக்டரு. ஏனுங்க, மிஷினுக்குக் கண்ணா வலிக்குதுன்னு கேக்கலாம்னு வந்துச்சு, அடக்கிட்டேன். டாக்டருன்னா சனத்துக்கு ஒரு நம்பிக்கை, அதுக்காக. நாலாவது சிங்கப்பூருல இருக்கற ஒருத்தரு, அவரு போன்லயே ஆலோசனை சொல்லீருவாரு. பெரியவங்கதான், ஒண்ணும் கொறை சொல்றதுக்கில்லை. நானு ஒவ்வொரு பேருக்கும் ஒரே ஒரு கேள்வியைத்தான் மனசுக்குள்ள வெச்சுப் பாக்கறேன்: இந்த மனுசன் இப்பவும் மூடிக் கெடக்கற அந்தப் பின்கதவைத் தொறக்கச் சொல்லுவாரா? எஞ்சினியரு சொல்ல மாட்டாரு. புரபசரு கதவையே பாக்க மாட்டாரு. டாக்டரு நல்லவரு, ஆனா வந்தா மாலையைப் போட்டுட்டு ஓடிருவாரு, ஆஸ்பத்திரி இருக்குது. சிங்கப்பூரு எங்க, கதவு எங்க. நாலும் இல்லை. நாலு பேரு உக்காந்தும் கதவு மூடித்தான் கெடக்கும்.

இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன் அதை. சௌமியா கூட்டீட்டுப் போனா. மிஷினுக்குப் பின்னால ஒரு சந்து, மிஷினு மூச்சு உடறதெல்லாம் அங்கதான், அடுப்புக்குள்ள மூஞ்சியை நீட்டுனாப்புல அனலு. அந்த அனலை மேல ஃபேன் உறிஞ்சிக்கும். கதவுச் சந்துல வெளிக்காத்து வந்தா அந்த உறிஞ்சல் கெட்டுப் போகுதுன்னு பின்கதவைச் சுத்தி வெல்டிங் அடிச்சுட்டாங்க. பூட்டுகூட இல்லை, சாவி தேட ஒரு சாவிகூட இல்லை. போக வர முன்கதவு ஒண்ணுதான், அது மேலயே அத்தனை வயரும் மலைப்பாம்பாட்டத் தொங்குது. ஒரு பொறி விழுந்தா? விழுந்தா எங்க போவாங்க அந்தப் புள்ளைக? அப்பத்தான் கதவைக் கிட்ட பாத்தேன். அனலுக்குப் பச்சைப் பெயின்டு கொப்புளம் கொப்புளமா எழும்பிக் கெடக்குது. எழும்பட்டும், சூட்டுல எழும்பாதா. ஆனா எழும்புனது எல்லாம் கை. ஒண்ணு மேல ஒண்ணா, விரலு விரிச்சு, நெஞ்சு ஒசரத்துல, இடுப்பு ஒசரத்துல, அடியில தரைக்கிட்டக்கூட. கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தேன். கைதான். “இதுதான் பெரிம்மா காட்டோணும்னு இருந்தேன்,” சௌமியா சாதாரணமாச் சொல்றா, “தெனமும் ரண்டு மூணு கூட எழும்புது.” சொல்லீட்டு, வெளையாட்டா அதுல ஒண்ணு மேல உள்ளங்கையை வெச்சா. பொருந்துச்சு. ஒரு விரலு மட்டும் பொருந்தலை, மோதிர விரலு, அவ விரலு நீளம், கதவுல இருக்கற விரலு பாதியில நின்னுருச்சு. பூங்கோதைக்கு அந்த விரலு நுனி மிஷின்ல போயிருச்சு, நான்தான் தெனமும் மஞ்சப் பத்துப் போட்டு உட்டேன். கையை எடுடீன்னு கத்தீட்டேன். காதுல அடைப்பு இருந்ததால அவளுக்குக் கேக்கலை, நானே புடிச்சு இழுத்தேன். அவ கை சில்லுன்னு இருந்துச்சு, அத்தனை அனல்ல.

கேட்டேனே, கேக்காம இருப்பேனா. வந்து உக்காந்ததும் மொதல்ல அதைத்தான் கேட்டேன். “சேனாபதியண்ணா, அந்தப் பின்கதவைத் தொறந்து வெக்கோணும். புள்ளைக வேலை செய்யற எடம்.” அவரு தருணைப் பாத்தாரு. தருண் சிரிச்சான், நல்ல புள்ளை, எம்மேல பாசம் உண்டு. “அத்தை, அதைத் தொறந்தா சூடு திரும்ப உள்ள வந்துரும், மிஷினு நின்னுரும், நஷ்டம் உங்க குழுப் பொம்பளைகளுக்குத்தான்.” “நஷ்டமானா ஆகட்டும் சாமி. இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?” தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆடிட்டர் கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சாரு. சேனாபதியண்ணன்தான் மெதுவாச் சொன்னாரு, “அம்மிணி, உன்ற கஷ்டம் எனக்குத் தெரியுது. ஆலோசகருங்க வரட்டும், அவங்க முன்னால வெச்சுருவோம். அவங்க சொன்னாத் தொறந்தரலாம்.” அப்படின்னா தொறக்கறதில்லைன்னு அர்த்தம். அவரு கெட்டவரில்லை. அதுதான் எனக்குப் பயம். அன்னைக்கு மில்லு மொதலாளியும் கெட்டவரில்லை, தீவாளிக்கு அத்தனை பேருக்கும் சேலை எடுத்துக் குடுத்தவரு.

பூசாரி பொட்டணம் கட்டீட்டாரு. வாழையெலைத் துண்டுல வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு, ரண்டையும் ஒரே அளவாச் சுத்தி நாக்காலி முன்னால போடுவாரு. வெள்ளை வந்தா ஆத்தா சரிங்கறா, செவப்பு வந்தா வேண்டாங்கறா. சின்னப் புள்ளை கையால எடுக்கறதுதான் வழக்கம். இங்க ஏது சின்னப் புள்ளை, “மரகதமணியக்கா எடுக்கட்டும், பொம்பளைகளுக்குத்தான் ராசி”ன்னுட்டாரு ஆடிட்டர். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. கும்புடுவேன், அது வேற. என்ற மாமியாருக்கு ஆடிக்கு ஆடி சாமி வரும், வந்து ‘மருமக எனக்குப் பட்டு எடுத்துக் குடுக்கலை’ன்னு ஆடும், பட்டு வந்ததும் மலையேறிரும். அப்பவே எனக்குச் சிரிப்பு. எஞ்சினியரு பேரைச் சொல்லி எடுத்தேன், வெள்ளை. புரபசரு, வெள்ளை. ஆத்தாளுக்குக் கோட்டுப் போட்டா புடிக்கும் போல. டாக்டரு, வெள்ளை. குளுரா இருக்குது, விரலு மரத்துப் போகுது, வலது கைதான், அதுவும் மோதிர விரலு நுனி, இருக்குதா இல்லையான்னே தெரியலை. தடவிப் பாத்தேன், இருக்குது. ஏசிதான். சிங்கப்பூரு, வெள்ளை. “பாத்தீங்களா, ஆத்தாளே சொல்லீட்டா”ன்னு ஆடிட்டர் கையைத் தட்டறாரு. அவ்வளவுதான் முடிஞ்சுது. நாலு பேரு வந்து மாலை போட்டுக்குவாங்க, கதவு அப்படியே இருக்கும், என்ற புள்ளை தெனமும் அந்தச் சந்துக்குள்ள காதை அடைச்சுட்டுப் போயிட்டு வருவா. கண்ணாடியில தேடுனேன். காணோம். பின் சந்துக்குள்ள போயிட்டாளாட்ட இருக்குது. எட்டு மாசக் கொழந்தையா என்ற மடியில போட்டுட்டுப் போனா அவ அம்மா. மொச்சுன்னு கூப்புடுவா, மொச்சைக்கொட்டையாட்ட இருந்துச்சு, அதுக்கு மொச்சு. அந்தப் பேரை அதுக்கப்பறம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, சௌமியாளுக்கே அப்படி ஒரு பேரு இருந்தது தெரியாது. சொன்னா எனக்கு அழுகை நிக்காது, அதனால சொல்றதில்லை.

“கடைசியா ஒண்ணு,” பூசாரி சொல்றாரு, “ஆத்தா இந்தக் குழுவுல உக்காரச் சம்மதிக்கறாளான்னு கேட்டுரோணுமுங்க. கேக்காம உக்கார வெக்கப்படாது.” சேனாபதியண்ணன் கடிகாரத்தைப் பாத்துட்டுத் தலையாட்டுனாரு. எடுத்தேன். செவப்பு. “மறுக்காப் போடுங்க,” தருண் சொன்னான், “சரிபாதி வாய்ப்புதான அத்தை, வரத்தான் செய்யும்.” மறுக்கா போட்டாரு, எடுத்தேன். செவப்பு. சேனாபதியண்ணன் மூஞ்சியில ரத்தம் எறங்கறது எனக்குத் தெரியுது. இருக்காதா, ஆத்தாளைச் சொல்லித்தான ஊருகிட்டக் காசு வாங்குனது. அவரு எந்திரிச்சு, செருப்பைக் கழட்டி ஓரமா உட்டுட்டு, நாக்காலியைப் பாத்துக் கும்புட்டாரு. “தாயே, என்ன கொறைன்னு சொல்லோணும். நாங்க செய்யறோம்.” அப்பத்தான் எனக்கு அந்த ரோசனை வந்துச்சு. நான் பேசுனா நஷ்டம்பாங்க, அவ பேசுனா? ஒருத்தரு வேண்டாம்னாலும் வேலை நிக்கும்னு இவங்களே எழுதி வெச்சிருக்கறாங்க. மாமியாரு ஆடுனதை அத்தனை வருசம் பாத்தவ, எனக்கா ஆடத் தெரியாது. கொண்டையை அவுக்கோணும், கண்ணை மேல சொருகோணும், ஒரு கூச்சல் போடோணும், அப்பறம் ‘என்ற கதவைத் தொறடா’ன்னு ஒரு அதட்டல். அவ்வளவுதான். ஊரு நாளைக்கு ‘மரகதமணியுமா’ன்னு சிரிக்கும், என்ற குழுப் பொம்பளைககிட்ட மூஞ்சியைக் காட்ட முடியாது, கணக்கு வழக்குன்னு நியாயம் பேசுனவ. பரவாயில்லை. ஆத்தா, கோவம்னா எம்மேல காட்டிக்க, புள்ளையை உட்டுரு.

எந்திரிச்சேன். முட்டி வலிக்கலை. கொண்டையை அவுத்தேன். சத்தம் பெருசாயிட்டே வருது, ஊஊன்னு, கண்ணாடி அதுருது, எலுமிச்சம்பழம் பட்டுத் துணி மேல லேசா உருளுது, யாரும் தொடலை. கூச்சல் போடோணும்னு வாயைத் தொறந்தேன். தொண்டைக்குள்ள பஞ்சுத் தூசி. இருமல். இது என்ற இருமல் இல்லை, இந்த இருமலை நான் வருசக்கணக்காக் கேட்டிருக்கறேன், வெடியால சாமத்துல பக்கத்துப் பாயில. அதட்டலு வரலை. வந்தது சின்னக் கொரலு, இருவத்திச்சொச்சம் வயசுக் கொரலு. “அக்கா. கதவு சுடுதக்கா. சாவி யாருகிட்ட இருக்குது?” அப்படிச் சொல்லோணும்னு நான் நெனைக்கவே இல்லை. வாயை மூடப் பாக்கறேன், மூட முடியலை. “மொச்சு உள்ள நிக்கறாக்கா. மொச்சு. மொச்சு, இங்க வா கண்ணு.” எனக்கு எல்லாம் தெரியுது, ஆடிட்டர் செவுரோட ஒட்டிக்கிட்டது தெரியுது, சேனாபதியண்ணன் நெடுஞ்சாங்கிடையா விழுந்தது தெரியுது. “தொறந்தர்றோம் தாயே, இப்பவே தொறந்தர்றோம். டேய் தருணு, மிஷினை நிறுத்துடா, வெல்டிங்காரனை வரச் சொல்லுடா!” தருண் போனைக் கீழ போட்டுட்டு எடுக்கறான். அப்பறம் பக்கத்துல இருந்த நாக்காலியில உக்காந்துட்டேன். எந்த நாக்காலின்னு அப்பறம்தான் பாத்தேன். பட்டுத் துணி தொடையில வழவழன்னு இருக்குது.

நடிச்சேன். அவ்வளவுதான். நானேதான் நடிச்சேன், நல்லா நடிச்சேன், வார்த்தை கொஞ்சம் மாறிப்போச்சு, படபடப்புல மாறாதா. மனசுல இருந்தது வந்திருக்குது. வேற என்ன. மிஷினை எல்லாம் அணைச்சுட்டாங்க, கொட்டாயி இப்பத்தான் மொத மொதலா அமைதியாயிருக்குது, பின்னால கேஸ் கட்டர் சர்ருங்குது, தகரம் தடால்னு விழுகுது, வெளிக்காத்து உள்ள வர்றது இங்க வரைக்கும் தெரியுது. பூசாரி துண்ணூறைக் கொண்டாந்து நெத்தியில பூசறாரு, “மலையேறு தாயி”ங்கறாரு, அட போய்யா, நான் மரகதமணிதான். அழுகை முட்டுது, பெருசா அழலாம்னு இருக்குது, சந்தோசத்துல. கதவு தொறந்தாச்சு. என்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சௌமியா பின் சந்துல இருந்து வர்றா, மூஞ்சியெல்லாம் தூசி, ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்கன்னு முழிக்கறா. ஒண்ணுமில்லை சாமின்னு சொல்ல வாயெடுத்தேன். அவ காதுல இருந்த ரப்பர் அடைப்பை ஒவ்வொண்ணா எடுத்து மேசை மேல வெச்சா. “பெரிம்மா, கதவுகிட்ட இருந்து யாரோ என்னையக் கூப்புட்டாங்க,” அப்படின்னா. “மொச்சுன்னா யாரு?”